அப்பாக்கு சத்தம் கேக்குது, ஆனா கதைக்கிறது விளங்குதில்லை – முதல் எங்க கொண்டு போறது?

வயல்வீட்டுப்பிள்ளை (கிளிநொச்சி):

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 72 வயசு. ஒரு மூண்டு நாலு வருசமாவே காது மந்தமாகிக்கொண்டு வருது எண்டு தெரியும், வயசு போனா அப்பிடித்தானே எண்டு நாங்கள் பேசாமல் இருந்திட்டம், அது எங்கட பிழைதான். இப்ப நடக்கிறதுகளைப் பாக்கப் பயமாக் கிடக்கு அதுதான் எழுதுறன், கொஞ்சம் நீளமா வந்திட்டா குறை நினையாதேங்கோ.

அப்பா இரணைமடுக் குளத்துத் தண்ணியில வயல் செய்யிறவர். இளந்தாரியா இருக்கேக்க ட்ரக்டர் ஓடினவர், பிறகு கனகாலம் அரிசி ஆலையில நிண்டவர். இப்பவும் விடியக்காத்தால எழும்பி சைக்கிளில வயலுக்குப் போவார். போற வழியில ரெயில் பாதையைக் கடக்க வேணும், அதில கேற் ஒண்டும் இல்லை. போன கிழமை அவர் தண்டவாளத்தில ஏறேக்க ரெயில் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வந்திருக்கு, பக்கத்துக் காணி அண்ணை ஓடிப்போய் சைக்கிள் கரியரில பிடிச்சு இழுத்துத்தான் தப்பினது. அப்பா வீட்டில மூச்சு விடேல்லை, அந்த அண்ணை சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கேட்டா சொல்லுறார், "சத்தம் கேட்டது, எந்தப் பக்கத்தால வருது எண்டுதான் பிடிபடேல்லை" எண்டு.

இன்னொண்டு. கிளினிக்கில பிரசர் குளிசையை மாத்திக் குடுத்திருக்கினம், பழசை நிப்பாட்டச் சொல்லியிருக்கினம். இவர் எல்லாத்துக்கும் தலையாட்டிப்போட்டு வந்து பழசையும் புதுசையும் சேத்துப் போட்டு மூண்டாம் நாள் கிணத்தடியில தலை சுத்தி விழுந்திட்டார். நல்ல காலம் முழங்கை உரஞ்சினதோட போச்சு.

முந்தி சிறுபோக வயல் செய்கைக் கூட்டம் எண்டா அப்பா எழும்பி நிண்டு எத்தினை ஏக்கருக்குத் தண்ணி, எண்டைக்குத் திறக்கிறது எண்டு அதிகாரிமாரோட நேர கதைக்கிறவர். இந்த முறை பின் கதிரையில இருந்திட்டு நடுவில எழும்பி வந்திட்டார். கோயிலுக்கும் போறேல்லை, செத்தவீட்டுக்குப் போனாலும் முகத்தைக் காட்டிப்போட்டு வந்திடுவார். என்ர மகளுக்கு ஆறு வயசு, அம்மப்பா அம்மப்பா எண்டு உயிர், அவள் கதைக்கிறது அவருக்கு ஒண்டும் விளங்காது. இப்ப அவள் கதை சொல்லுறதையே விட்டிட்டாள்.

மெல்லக் கதைச்சா கேக்கேல்லை எண்டுறார், பிலத்துக் கதைச்சா "ஏன் கத்துறாய், நான் என்ன செவிடனே" எண்டு கோவம். அம்மா சொல்லுறா அவருக்கு வேண்டியது மட்டும் கேக்கும் எண்டு. நாங்கள் ரெண்டு பேர் கதைச்சா தன்னைப்பத்தித்தான் கதைக்கிறம் எண்டு நினைக்கிறார், முந்தி அப்பிடி ஆளே இல்லை.

முதல் எங்க கொண்டு போறது? காது கேக்கிற மெசின் போட்டா சரிவருமா? போக மாட்டன் எண்டு நிக்கிற ஆளை எப்பிடிக் கூட்டிக்கொண்டு போறது?

—

மாங்குளச்சந்தி:

தங்கச்சி முதல் காதுக்குடும்பி (காது அழுக்கு) இருக்கோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ. எங்கட பெரியப்பாவுக்கு ரெண்டு காதும் அடைச்சுக் கல்லு மாதிரி இருந்தது, எண்ணெய் விட்டு ஊற வைச்சுப் பிறகு ஆஸ்பத்திரியில கழுவி எடுத்தவை, அண்டைக்குப் பின்னேரமே ரீவியைக் குறை எண்டு சொன்ன மனுசன். எல்லாருக்கும் அப்பிடி அமையாது ஆனா செலவில்லாத வேலை. ஒண்டு மட்டும், வீட்டில நெருப்புக்குச்சி, ஊக்கு, கொட்டன் பட் ஒண்டும் விட வேண்டாம், குடும்பி இன்னும் உள்ளுக்குத்தான் போகும். காதால சீழ் வடிஞ்ச ஆள், செவிப்பறை ஓட்டை எண்டா எண்ணெயும் விடக் கூடாது, டொக்டர் பாத்த பிறகுதான்.

—

கிளினிக் அக்கா:

நான் தாதியா 17 வருசம் வேலை செய்யிறன், காதுக்கான ஆள் இல்லை, ஆனா உங்கட அப்பா மாதிரி ஆக்களை ஒவ்வொரு கிழமையும் பாக்கிறன், அதால கொஞ்சம் விளக்கமாவே எழுதுறன்.

அம்மா சொன்னதில இருந்து துவங்குறன். வேண்டியது மட்டும் கேக்கும் எண்டு எல்லா வீட்டிலயும் சொல்லுறது, அது பிழை பிள்ளை, அந்தக் கதையாலதான் கன வயசுபோனதுகள் மனம் விட்டுப் போகுதுகள். வயசில வாற காது மந்தம் எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவாக் குறைக்கிறேல்லை. உள்காதில நத்தைக் கூடு மாதிரி ஒரு உறுப்பு இருக்கு, அதுக்குள்ள சின்னச் சின்ன மயிர்க் கலங்கள். அதில வாசல் பக்கம் இருக்கிறதுதான் கீச்சுச் சத்தத்துக்கானது, அதுதான் முதல் பழுதாகும், செத்துப்போன கலம் திரும்ப முளைக்காது. கட்டைச் சத்தம் கனகாலத்துக்கு நல்லாக் கேக்கும். அ, ஆ, ஓ எல்லாம் கட்டைச் சத்தம், அதால நீங்கள் கதைக்கிறது அவருக்குக் கேக்குது. ச, த, ப, க மாதிரி எழுத்துகள் மெல்லிசான கீச்சுச் சத்தம், அது விழாது. "பால் குடிச்சாச்சோ" எண்டு கேட்டா "ஆல்… உ…இ…ஆ…ஓ" எண்டுதான் போய்ச் சேரும், மிச்சத்தை அவர் ஊகிக்க வேணும். எழுத்துக் கொட்டுண்ட பழைய கடிதத்தை வாசிக்கிற மாதிரித்தான். ஒரு ஆள் முன்னால இருந்து கதைச்சா ஊகிச்சிடுவார், நாலு பேர் சேந்து கதைச்சா, ஃபானும் ஓடினா, முடியாது. அதாலதான் கூட்டத்தில இருந்து எழும்பி வந்தது. பேத்தின்ர குரல் விளங்காததும் அதுதான், சின்னப்பிள்ளையளின்ர குரல் கீச்சு.

கத்தினா கோவிக்கிறதுக்கும் காரணம் இருக்கு. இந்த வகைக் காதுக்கு மெல்லிய சத்தம் கேக்காது, ஆனா சத்தம் ஒரு அளவைத் தாண்டினா உடன நோகிற அளவுக்குப் பெருசாகும், இடைவெளி அவ்வளவு குறுகிப் போகும். கத்தேக்க குரலும் உடைஞ்சு போகும், முகமும் கோவமாத் தெரியும். அதால கத்தாதேங்கோ. முன்னுக்கு வந்து, வெளிச்சம் உங்கட முகத்தில விழுற மாதிரி நிண்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் திரும்பின பிறகு ஆறுதலாக் கதையுங்கோ. விளங்கேல்லை எண்டா அதே வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லாமல் வேற சொல்லைப் போட்டுச் சொல்லுங்கோ. குசினிக்குள்ள நிண்டு கொண்டு முத்தத்தில இருக்கிறவரோட கதைக்கிறதை இண்டையோட நிப்பாட்டுங்கோ.

ரெயில் கதையைக் கேக்க எனக்கு நெஞ்சு திக் எண்டது. சத்தம் எந்தப் பக்கம் எண்டு மூளை பிடிக்கிறது ரெண்டு காதுக்கும் வந்து சேருற நேரத்திலயும் அளவிலயும் இருக்கிற வித்தியாசத்தை வைச்சு. ஒரு காது மற்றதை விட மோசமா இருந்தா அந்தக் கணக்குப் பிழைக்கும். அதால ஒடியோகிராம் எடுக்கவே வேணும். மெல்லிய சத்தங்களைக் காதில போட்டு, கேட்டா கையைத் தூக்கச் சொல்லுவினம், ஒண்டும் நோகாது. பழுது வெளிக்காது நடுக்காதிலயோ உள்காதிலயோ எண்டும் அதில தெரியும், குடும்பியோ நடுக்காதில தண்ணியோ எண்டா மருந்தும் இருக்கு. முதல் பக்கத்து ஆஸ்பத்திரி ஓபிடியில (வெளிநோயாளர் பகுதி) காட்டி ஈஎன்ரி (காது, மூக்கு, தொண்டை) கிளினிக்குக்குத் துண்டு வாங்குங்கோ, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில ஈஎன்ரி பகுதி இருக்கு. போகேக்க அவர் குடிக்கிற எல்லா மருந்தையும் பையோட கொண்டு போங்கோ. சில ஊசிமருந்துகள், ஜென்டாமைசின், பழைய காலத்தில காசத்துக்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின், இதுகள் காதைப் பழுதாக்கும். ட்ரக்டர், ஆலை ரெண்டையும் கட்டாயம் சொல்லுங்கோ, அந்த இரைச்சல் வருசக்கணக்காத் திண்டிருக்கும். சலரோகமும் இருந்தா அதையும்.

குளிசை விசயம்: கிளினிக்குக்கு அவரைத் தனிய விடாதேங்கோ, ஏலாட்டி கொப்பியில "காது கேக்காது, எழுதிக் குடுக்கவும்" எண்டு பெருசா எழுதி ஒட்டி விடுங்கோ. எங்களுக்கு வரிசையில நூறு பேர் நிக்கேக்க தலையாட்டுறவருக்கு விளங்கீட்டுது எண்டுதான் நினைப்பம். வயசுபோனவை வெக்கத்தில ஓம் ஓம் எண்டுவினம். என்ன சொன்னது எண்டு அவரையே திருப்பிச் சொல்லச் சொன்னா அப்பத்தான் உண்மை தெரியும்.

பிறகு, திடீரெண்டு ஒரு நாள் விடிய ஒரு காது அடியோட கேக்காமல் போனா அது வேற விசயம், அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேணும். நாள் போகப் போக மருந்து பிடிக்கிற வாய்ப்புக் குறையும். இதை வாசிக்கிற எல்லாரும் மனசில வைச்சிருங்கோ.

—

பனிக்குள்ள வன்னியான் (டொரொன்டோ):

அம்மா விசுவமடுவில தனிய. நான் கோல் எடுத்தா "ஓம் மோனை, சுகம் மோனை, வைக்கிறன் மோனை" எண்டு ரெண்டு நிமிசத்தில வைச்சிடுவா. எனக்கு மனசுக்க கொதி, அம்மாக்கு என்னோட கதைக்க விருப்பமில்லை எண்டு. போன வருசம் வந்து நிக்கேக்கதான் கண்டன், போனை எந்தக் காதில வைச்சாலும் ஒண்டும் விளங்கேல்லை, நான் கேக்கிற கேள்வியே தெரியாமல் இவ்வளவு காலமும் குத்துமதிப்பாப் பதில் சொல்லியிருக்கிறா. அண்டைக்கு நான் அழுத அழுகை.

இப்ப வீடியோ கோல் மட்டும்தான், என்ர வாயைப் பாத்து விளங்குறா. மருமகள் பிள்ளை போனில லைவ் ட்ரான்ஸ்கிரைப் எண்ட அப்பைப் போட்டு விட்டது, நாங்கள் கதைக்க கதைக்க தமிழில எழுத்தா ஓடும், எங்கட ஊர்க் கதைக்குச் சில இடத்தில பிழையா எழுதும்தான், ஆனா அம்மா அஞ்சாம் வகுப்புப் படிச்சவ, எழுத்தைப் பெருசாக்கி விட்டா வாசிப்பா. நெற் நல்லா இருக்க வேணும்.

ஒரு கேள்வி அக்கா, காது கேக்காட்டி மறதி வரும் எண்டு இங்க சொல்லுகினம், உண்மையோ?

—

கிளினிக் அக்கா:

தம்பி, தொடர்பு இருக்கு எண்டது உண்மை. லான்செட் எண்ட மருத்துவ சஞ்சிகையின்ர குழு 2024 இல மறதி நோய்க்கு நாங்கள் கை வைக்கக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது, அதில காது மந்தமும் ஒண்டு. ஆனா மெசின் போட்டா மறதி வராது எண்டு ஒருத்தருக்கும் உறுதி குடுக்கேலாது. 2023 இல வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒண்டில 70 இல இருந்து 84 வயசு வரை கிட்டத்தட்ட 1000 பேரை 3 வருசம் பாத்தவை. மொத்தமாப் பாத்தா மெசின் போட்டவைக்கும் போடாதவைக்கும் மூளைத் திறனில பெரிய வித்தியாசம் இல்லை, ஆனா ஏற்கனவே ஆபத்துக் கூட உள்ள பகுதியினரில மெசின் போட்டவைக்குத் தேய்வு ஏறக்குறையப் பாதியாக் குறைஞ்சிருக்கு. எனக்கு இதை விடப் பெரிசாத் தெரியிறது தனிமை. கதை விளங்காமல் ஊகிச்சு ஊகிச்சு பின்னேரம் ஆகேக்க அந்த மனுசர் களைச்சுப் போடுவினம், பிறகு சனத்தைக் கண்டாலே விலகுவினம். அதை மறதி எண்டு நினைக்கிற வீடுகளும் இருக்கு, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லுறார், மண்டை குழம்பிட்டுது எண்டு. கேள்வியே கேக்கேல்லை எண்டு ஆருக்கும் தோணுறேல்லை.

—

முத்தையன்கட்டுக் கிழவன்:

பிள்ளை, எனக்கு 71. உன்ர கொப்பரின்ர பக்கத்தால நான் எழுதுறன், பேரன் ரைப் பண்ணுறான்.

எனக்கு வயசால மட்டும் வந்ததில்லை. 2009 மாசியில ஷெல் ஒண்டு பங்கருக்குக் கிட்ட விழுந்தது. வலக்காதால ரத்தம் வந்தது, ஆனா அப்ப ஆர் காதைப் பாத்தது, உயிரோட பிள்ளையள் இருக்குதோ எண்டதுதான். பிறகு முகாமில இருக்கேக்க காதுக்குள்ள சில்வண்டு கத்துற மாதிரி இரைச்சல், அது இண்டைவரைக்கும் நிக்கேல்லை. வன்னியில என்ர வயசுக்காரரில கனபேருக்கு இது இருக்கும், ஒருத்தரும் சொல்லுறேல்லை. ஷெல்லடிச்ச காது எண்டு டொக்டரிட்டச் சொல்ல வேணும் எண்டே எனக்கு 10 வருசமாத் தெரியாது. உன்ர கொப்பரிட்டயும் கேட்டுப் பார்.

கேக்காமப் போறது ஒரு நாளில தெரியிற விசயமில்லை. காலமை குருவி கத்துறேல்லை எண்டு நான் நினைச்சன், காடு வெட்டினதால குருவி போட்டுது எண்டு மனிசியோட கதைச்சும் இருக்கிறன். குருவி அப்பிடியே இருந்தது.

இரவுக்காவலுக்குப் போற ஆள் நான். எங்கட பக்கம் யானை வாறதை கண்ணால முந்திக் காதாலதான் அறியிறது, கொப்பு முறியிற சத்தம், வேலிக்கம்பி இழுபடுற சத்தம். ஒரு நாள் கொட்டிலில முழிச்சுத்தான் இருந்தனான், விடிய எழும்பிப் பாக்க கொட்டிலுக்கு இருபது அடி தள்ளி வாழையைத் திண்டு போட்டுப் போயிருக்கு. எனக்கு ஒரு சத்தம் விளங்கேல்லை. அண்டைக்குத்தான் பயம் வந்தது. அதுக்கு முதல் மகன் சொல்ல, மருமகள் சொல்ல, நான் கேக்கேல்லை. செவிடன் எண்டு ஒருக்காச் சொன்னா பிறகு உன்னட்ட ஆரும் ஒரு விசயம் கேக்க மாட்டினம், காணி விசயமோ கலியாண விசயமோ, உன்னை விட்டிட்டுக் கதைப்பினம். அந்தப் பயம்தான் எனக்கு இருந்தது. கொப்பருக்கும் அதுதான், பிடிவாதம் இல்லை.

அதால அவரை உங்களுக்குக் காது கேக்குதில்லை வாங்கோ எண்டு இழுக்காதை. "அப்பா, நீங்கள் கூட்டத்தில இல்லாட்டி எங்கட தண்ணிக் கதையைக் கதைக்க ஆள் இல்லை, ஒருக்காக் காட்டிப் பாப்பம்" எண்டு சொல்லு. மற்றது பேத்தியை விட்டுக் கேள்.

நான் மெசின் போட்டு நாலு வருசம். முதல் கிழமை கழட்டி எறிய நினைச்சன். ஓலையில காத்து உரசுறது, பேப்பர் மடிக்கிறது, என்ர சொந்தச் செருப்பு, எல்லாம் மண்டைக்குள்ள. கோழி கத்தினா நெஞ்சு அடைக்கும். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம், பிறகு ரெண்டு, வீட்டுக்குள்ள மட்டும், பிறகு வெளியில எண்டு கூட்டிக்கொண்டு போனன். ஒண்டரை மாசத்தில பழகீட்டுது. பழைய காது திரும்ப வராது, சந்தையில இப்பவும் எனக்கு விளங்காது. ஆனா மனிசி குசுகுசுக்கிறது விளங்குது.

—

வவுனியா நெளுக்குளம்:

ஐயா சொன்னதோட ஒண்டு சேக்கிறன். நாங்கள் அம்மாவுக்கு ஒரு தனியார் இடத்தில லட்சத்துக்கு மேல குடுத்து வாங்கினம், அது இண்டைக்கு லாச்சிக்குள்ள. காதுக்கு அளவெடுத்து அச்சு செய்யேல்லை, பொதுவான ரப்பர் முனையைப் போட்டு விட்டிட்டினம், அது இறுக்கமில்லாமல் எந்த நேரமும் கூய்ய் எண்டு விசில் அடிக்கும். ஒடியோகிராமுக்கு ஏத்தபடி சத்தத்தைப் பிரிச்சு வைக்கவும் இல்லை, எல்லாத்தையும் கூட்டி விட்டதுதான். திருப்பிக் கொண்டுபோனா ஒவ்வொரு முறையும் காசு.

அதால வாங்க முதல் கேளுங்கோ: போட்டுப் பாக்கத் தருவினமோ, எத்தினை தரம் திருப்பி செற் பண்ணித் தருவினம், அச்சு அளவெடுப்பினமோ, பற்றரி எங்க வாங்கலாம். ஒடியோகிராம் பேப்பரை நீங்களே வைச்சிருங்கோ. வசதியில்லாட்டி விதானையாரிட்ட (கிராம அலுவலர்) கடிதம் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கோ, உதவி உபகரணத்துக்கு விண்ணப்பிக்க வழி இருக்கு, நாள் எடுக்கும், விடாமல் போய் நிக்க வேணும்.

—

வயல்வீட்டுப்பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி, ரெண்டு மாசம் கழிச்சு வந்து எழுதுறன் மன்னிச்சுக் கொள்ளுங்கோ.

முத்தையன்கட்டு ஐயா எழுதினதை நான் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டேல்லை, பெருசாப் பிரிண்ட் எடுத்துக் குடுத்தனான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணையில இருந்து வாசிச்சவர். குருவி இடத்தில நிப்பாட்டி முத்தத்து மாமரத்தை நிமிந்து பாத்துக்கொண்டே இருந்தவர். அடுத்த நாள் தானாத்தான் சொன்னவர் "எப்ப போறம்" எண்டு.

குடும்பி இடக்காதில இருந்தது, எடுத்தாச்சு, கொஞ்சம் வித்தியாசம். ஆனா ஒடியோகிராமில ரெண்டு காதிலயும் உள்காதுப் பழுதுதான், இடப்பக்கம் 50 டெசிபல் அளவு, வலப்பக்கம் 65 (எண் கூடினா மந்தம் கூட). எந்தப் பக்கத்தால ரெயில் வந்தது எண்டு ஏன் பிடிபடேல்லை எண்டு எங்களுக்கு இப்பத்தான் விளங்குது. அக்கா சொன்ன மாதிரித்தான் வந்திருக்கு, கட்டைச் சத்தத்தில கோடு மேல நிக்குது, கீச்சுப் பக்கம் மலையில இருந்து சரியிற மாதிரி விழுகுது. அந்தப் பேப்பரை அம்மாக்குக் காட்டினன். அம்மா கனநேரம் பேசாமல் இருந்திட்டு, "அப்ப இவ்வளவு நாளும் நான் பேசினது…" எண்டு நிப்பாட்டிட்டா.

ஷெல் விசயமும் கேட்டனான். 2008 கடைசியில பரந்தனில ஒண்டு கிட்ட விழுந்ததாம், எங்களுக்கு ஒரு நாளும் சொல்லேல்லை.

இப்ப காதுக்குப் பின்னால மாட்டுற மெசின் வலக்காதுக்கு மட்டும் போட்டிருக்கு, ரெண்டுக்கும் வாங்கக் காசு காணாது, மற்றதுக்கு விண்ணப்பிச்சிருக்கிறம். தண்டவாளத்தடியில இறங்கி நிண்டு ரெண்டு பக்கமும் பாத்துத்தான் கடக்கிறது எண்டு மகளுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கிறார். சைக்கிளுக்குக் கண்ணாடியும் பூட்டியாச்சு. கிளினிக் கொப்பியில எழுதி ஒட்டியும் விட்டாச்சு.

ஒரு சின்னச் சந்தேகம், வயலுக்குப் போட்டுக்கொண்டு போனா வேர்வையில பழுதாகுமோ? பற்றரியும் ஒரு கிழமையில முடியுது.

—

முத்தையன்கட்டுக் கிழவன்:

வேர்வை கூடாது பிள்ளை. நெல்லு வெட்டேக்க, மருந்தடிக்கேக்க கழட்டி வைக்கச் சொல்லு, ஆனா போற வழியில வாற வழியில போட்டிருக்க வேணும், ரோட்டிலதான் அது தேவை. முழுக முதல் கழட்ட வேணும். இரவில துணியால துடைச்சு பற்றரிக் கதவைத் திறந்து, மூடி இறுகின போத்திலுக்குள்ள ஈரம் உறிஞ்சுற சிலிக்கா பக்கற் போட்டு அதுக்குள்ள வை, மழை காலத்தில அது இல்லாட்டி தாங்காது. கதவு திறந்திருந்தா இரவில பற்றரியும் ஓடாது. புதுப் பற்றரியின்ர ஸ்ரிக்கரை உரிச்ச உடன போடாமல் ரெண்டு நிமிசம் காத்துப் பட விட்டுப் போடு, அது காத்தை எடுத்துத்தான் வேலை செய்யிறது, உரிச்சா பிறகு திருப்பி ஒட்டியும் பிரயோசனமில்லை. ஸ்ரிக்கரின்ர நிறத்தைப் பாத்து வை, பற்றரி நம்பர் 13 எண்டா தோடம்பழ நிறம், 675 எண்டா நீலம், கடையில நிறத்தைச் சொன்னாலே தருவாங்கள்.

கொப்பரை ஒரு நாள் இங்கால கூட்டிக்கொண்டு வா. குளக்கட்டில இருந்து கதைப்பம், அங்க இரைச்சல் இல்லை.